மூன்று ஆதாரங்கள், ஒரே வாய்

எங்கள் நூலக வாசலில் இடுப்பளவு உயரத்தில் ஒரு தடுப்புக் கதவு இருக்கிறது. மாணவர் அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு எரிந்து திறக்கும். அந்த வியாழக்கிழமை மாலை அதன் முன்னால் ஒருவர் நின்றிருந்தார். சாம்பல் நிறத் தொழிற்சாலைச் சட்டை, கனமான பாதுகாப்புக் காலணி, அக்குளில் இடுக்கிய பிளாஸ்டிக் ஃபைல். தீவுக்கு வரும் பாலத்து நெரிசலைத் தாண்டி வந்த எரிச்சல் முகத்தில் அப்படியே இருந்தது.

"காட் இருக்கா அண்ணே?" என்று வாசல் காவலுக்கு உட்கார்ந்திருந்த ஜாகா கேட்டார்.

"எனக்கு எதுக்கு காட்? என் மக இங்க படிக்குது."

"மக படிச்சா மகளுக்குத்தான் காட் குடுப்பாங்க."

"பீஸ் கட்டுறது நான்தானே லா?"

ஜாகா சிரித்துவிட்டார். பெயரை எழுதச் சொல்லி உள்ளே விட்டார்.

முகப்பு மேசையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரை வரச் சொன்னதே நான்தான். வராமல் இருந்துவிட்டால் தேவலை என்று மதியத்திலிருந்து நினைத்துக்கொண்டிருந்ததும் நான்தான். அன்று காலையிலிருந்து வகுப்பு மேல் வகுப்பு, தொண்டை கட்டியிருந்தது.

மறுநாள் காலையில் அவர் தன் வேலையை விடுவதாகக் கடிதம் கொடுக்கப் போகிறார். அதற்குக் காரணம் அந்த ஃபைலில் இருந்தது. அதில் இருப்பதை நம்பாதீர்கள் என்று அவரிடம் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவள், அதை எழுதிய அவருடைய மகள்.

புத்தகம் அடுக்குகிறவள்

கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன்.

ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிறேன் என்று இந்தத் தொடரில் பல தடவை எழுதிவிட்டேன். அப்படியும் வாசகர் ஒருவர், "தங்கச்சி, புத்தகம் அடுக்க டிகிரி எதற்கு?" என்று கேட்டிருந்தார். அவர்மேல் கோபமில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தேவாலய வாசலில் அம்மாவின் தோழிகள் கேட்பதும் அதுதான். "ஏர்கோன்ல உக்காந்து சாப்பு அடிக்கிற வேலதானே, பாப்பா?"

தேதி முத்திரைச் சாப்பு அடித்து வருஷக்கணக்காகிறது, ஆண்ட்டி.

என் வேலை, வணிகம் படிக்கும் மாணவர்களுக்குத் தகவலைத் தேடவும் சோதித்துப் பார்க்கவும் சொல்லிக் கொடுப்பது. ஒரு பருவத்துக்கு ஒரு வகுப்புக்கு ஒரு மணி நேரம் தருவார்கள். பெரும்பாலும் மதியம் இரண்டு மணி. நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு வந்த வயிறுகள். குழம்பு வாசனை ஏர்கோன் குளிரிலும் அடங்காமல் அறையில் மிதக்கும். விரிவுரையாளர் என்னை அறிமுகம் செய்துவிட்டுக் கூட்டத்துக்குப் போய்விடுவார். அவர் முதுகு மறைந்ததும் பாதித் தலைகள் ஃபோனுக்குக் குனியும்.

"எல்லாம் கூகள்ல இருக்கே மிஸ்."

"இப்ப ஏஐகிட்ட கேட்டா அதுவே ரெஃபரன்ஸும் போட்டுக் குடுக்குது மிஸ்."

கொடுக்கும். அதில் சிலவற்றை யாரும் எழுதியே இருக்க மாட்டார்கள். அவற்றைத் தேடித் தரச் சொல்லி என்னிடமே வருவார்கள். இல்லாத கட்டுரையை இல்லை என்று நிரூபிக்க அரை நாள் போகும்.

ஆனால் இன்றைக்குச் சொல்லவந்த தவறு அதைவிடப் பழையது. வணிக மாணவர்களுக்கென்றே அமைந்த தவறு.

கண்ணாடிக்குள் இருக்கும் சாப்பாடு

எந்தத் தொழில் திட்டத்தை எழுதினாலும் முதல் பக்கத்தில் ஒரு வரி இருந்தாக வேண்டும். 'இந்தச் சந்தை ஆண்டுக்கு இத்தனை சதவீதம் வளரும்.' அந்த வரி இல்லாமல் அவர்களுக்குக் கை ஓடாது.

அந்த எண் பெரும்பாலும் ஒரே வகை இடத்திலிருந்துதான் வரும். சந்தை ஆய்வறிக்கைகளை விற்கிற நிறுவனங்கள் உண்டு. அறிக்கையின் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். அதை விற்பதற்காக இணையத்தில் ஒரு விளம்பரப் பக்கம் போட்டிருப்பார்கள். அதில் பெரிய எழுத்தில் ஒரு வளர்ச்சி எண் இருக்கும். மாணவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்து எழுதிவிட்டு, அறிக்கையையே படித்ததுபோல் மேற்கோள் காட்டுவார்கள். அந்த எண்ணை யார் எண்ணினார்கள், எப்படி எண்ணினார்கள் என்பது எண்ணியவருக்கும் காசு கொடுத்தவருக்கும்தான் வெளிச்சம்.

பேரங்காடிகளில் ஜப்பானியச் சாப்பாட்டுக் கடை வாசலில் கண்ணாடிக்குள் பிளாஸ்டிக் நூடல்ஸ் வைத்திருப்பார்களே, வகுப்பில் அதன் படத்தைக் காட்டுவேன். "நீங்க இதச் சாப்பிட்டுட்டு வந்து ருசி எப்படி இருந்துச்சுன்னு எழுதுறீங்க" என்பேன். சிரிப்பார்கள். அடுத்த பருவத்திலும் அதையே சாப்பிடுவார்கள்.

அதனால் கொஞ்ச நாளாக ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். உங்களுடைய பழைய அசைன்மெண்ட் ஒன்றை எடுங்கள். அதில் ஒரே ஒரு எண்ணைத் தேர்ந்தெடுங்கள். அது எங்கே பிறந்தது என்று பின்னால் நடந்துகொண்டே போங்கள். நடக்க முடியாத இடம் வந்தால் கையைத் தூக்குங்கள்.

பெரும்பாலானவர்கள் இரண்டாவது அடியிலேயே கையைத் தூக்குவார்கள். ஷாமினி தூக்கவில்லை.

ஏ வாங்கிய டோபி

ஷாமினி கடைசி வருஷ மாணவி. சிம்பாங் அம்பாட்டிலிருந்து பஸ் மாறி மாறி வருகிறவள். வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து, பேனா மூடியைக் கடித்தபடி எல்லாவற்றையும் எழுதிக்கொள்வாள். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். இதை அவள் சொல்லவில்லை. முதல் வரிசையில் உட்காரும் விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

முந்தைய பருவத்தில் அவள் எழுதிய தொழில் திட்டம், சிம்பாங் அம்பாட்டில் ஒரு டோபி. மக்கள் தாங்களே வந்து காசு போட்டுத் துவைத்துக் காயவைத்துப் போகிற கடை. இங்கே தாமானுக்குத் தாமான், அதாவது குடியிருப்புக்குக் குடியிருப்பு, முளைத்திருக்கிறதே, அதேதான். அதற்கு அவள் ஏ வாங்கியிருந்தாள். வளர்ச்சி எண்ணுக்கு மட்டும் மூன்று ஆதாரங்கள் காட்டியிருந்தாள்.

அன்று அந்த மூன்றையும் பின்தொடர்ந்து போனாள். முதல் ஆதாரம், அறிக்கை விற்கும் ஒரு விளம்பரப் பக்கம். அதன் அடியில் பொடி எழுத்தில், ஒரு செய்தித் தளத்தில் வந்ததாகப் போட்டிருந்தது. அந்தச் செய்திதான் அவளுடைய இரண்டாவது ஆதாரம். செய்தியைத் திறந்தால், துவைக்கும் இயந்திரம் விற்கும் ஒரு கம்பெனியின் முதலாளி அப்படிச் சொன்னார் என்றிருந்தது. மூன்றாவது ஆதாரம் அந்தக் கம்பெனியின் சொந்த வலைப்பக்கம். அதில் அதே எண். 'சந்தை ஆய்வு கூறுகிறது' என்று, முதல் விளம்பரப் பக்கத்தையே காட்டியிருந்தார்கள்.

வெள்ளைப் பலகையில் மூன்று வட்டம் போட்டு அம்புக்குறி வரைந்தோம். சுற்றி வந்து ஒரே வாயில் நின்றது.

வகுப்பு கைதட்டியது. எனக்கும் சந்தோஷம்தான், இவ்வளவு கச்சிதமான உதாரணம் கிடைப்பது அபூர்வம். ஷாமினி மட்டும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் போன பிறகு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மிஸ், இந்தக் கம்பெனி ஆளு போன வாரம் எங்க வீட்டுல காப்பி குடிச்சாரு."

அப்புறம்தான் முழுக் கதையும் வந்தது. அவள் அப்பாவுக்கு புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விருப்பப்பட்டவர்கள் ஒரு தொகை வாங்கிக்கொண்டு விலகலாம் என்று அறிவித்திருந்தார்கள். கடிதம் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். அந்தத் தொகையில் டோபி போட ஒரு கடையும் பார்த்துவிட்டார். இயந்திர ஏஜெண்ட் காட்டிய எண்ணும் மகளின் அசைன்மெண்டில் இருந்த எண்ணும் ஒன்றாக இருந்ததில்தான் அவருக்குத் துணிச்சல் வந்தது. ஏ போட்ட அசைன்மெண்டை ஃபைலில் போட்டு, விபூதி வைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

"நீங்க அப்பாகிட்ட சொல்லுங்க மிஸ்."

"நீ ஏன் சொல்லக் கூடாது?"

"நான் சொன்னா, எழுதினதே நீதானேன்னு கேப்பாரு."

"எழுதினது நீதானே?"

அவள் பேனா மூடியைக் கடித்தாள்.

பாப்பா படிச்சிருச்சு

அவளை நான் அதற்குமேல் நெருக்கவில்லை. அந்தத் தயக்கம் எனக்குப் புரியும்.

என் அப்பா பாலிக் புலாவில் டுரியான் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர். அம்மா பள்ளிக்கூடக் கேண்டீனில் பாத்திரம் கழுவினார். இரண்டு பேருக்கும் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். வீட்டுக்கு வரும் கடிதங்களை எல்லாம் சின்ன வயதிலிருந்து நான்தான் படித்தேன். பேங்க், மருத்துவமனை, தண்ணீர் பில், நகராண்மைக் கழகத்து நோட்டீஸ் எல்லாமே. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். நான் சொல்லி முடித்ததும், "பாப்பா படிச்சிருச்சு" என்பார். அதற்கு மேல் வீட்டில் பேச்சு கிடையாது.

இப்போதும் அப்படித்தான். மாமாவுக்கு வாட்ஸப்பில் ஏதோ இலைச்சாறு பற்றிச் செய்தி வந்தால் எனக்கு ஃபோன் வரும். சித்திக்கு இன்சூரன்ஸ் ஆள் வந்தால் ஃபோனை அவர் கையில் கொடுத்து, "எங்க பாப்பாகிட்ட பேசுங்க" என்பார். ஞாயிறு ஓய்வு என்பது எனக்கு இல்லை. சலிப்புத்தான். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருமே கூப்பிடாவிட்டால் ஃபோனை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். அது பெருமை. மறைக்க ஒன்றுமில்லை, அதைச் சம்பாதிக்க நான் நிறையப் படித்திருக்கிறேன்.

இப்படிப்பட்ட வீடுகளில் படித்த பிள்ளையிடம் யாரும் ஆதாரம் கேட்பதில்லை. பிள்ளைதான் ஆதாரம்.

ஷாமினி இழக்கப் போவது அதைத்தான். எனக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும், "அப்பாவ இங்க கூட்டிட்டு வா. நான் பக்கத்துல இருக்கேன். ஆனா நீதான் சொல்லணும்" என்றேன்.

இடையில் அவளுக்கு மதிப்பெண் போட்ட விரிவுரையாளரை நகல் இயந்திரத்தின் பக்கத்தில் பிடித்தேன்.

"சார், அந்த டோபி திட்டத்துக்கு ஏ போட்டிருக்கீங்க."

"நல்ல திட்டம் மிஸ். ஃபார்மெட் எவ்வளவு சுத்தம்! ரெஃபரன்ஸ் எல்லாம் கரெக்ட்டா போட்டிருந்துச்சு."

"அந்த ரெஃபரன்ஸ் ஒண்ணையாவது திறந்து பாத்தீங்களா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்கள் சிவந்திருந்தன. "மிஸ், எனக்கு இந்த செம் எத்தனை வகுப்புன்னு தெரியுமா?" என்றார். பிறகு தன் தாள்களை அள்ளிக்கொண்டு போனார். கெட்டவர் இல்லை. என்னைவிடக் களைத்தவர்.

வட்ட மேசை

மறுபடியும் அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

ஜன்னல் ஓரத்து வட்ட மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஷாமினியின் அப்பா நாற்காலி விளிம்பில்தான் உட்கார்ந்தார். ஏதோ தண்டனைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்போல.

"இது ஏதும் சேட்டை பண்ணுச்சா மிஸ்?"

"இல்ல அங்கிள். நல்லாப் படிக்கிற பொண்ணு."

அவர் முகம் மலர்ந்தது. ஃபைலைத் திறந்தார். உள்ளே விபூதி வாசனை. நேராக அந்தப் பக்கத்தை எடுத்து, அந்த எண்ணின்மேல் விரலை வைத்தார்.

"பாருங்க. ஏஜெண்டும் இதத்தான் சொன்னாரு. என் மகளும் இதத்தான் எழுதியிருக்கு. ரெண்டு பேருக்கும் முன்னப் பின்ன அறிமுகம் இல்ல. அப்புறம் என்னா?"

ஷாமினி என்னைப் பார்த்தாள். ஆகவே நானே ஆரம்பித்தேன். அந்த எண் வந்த வழியை முடிந்தவரை எளிமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கோவிச்சுக்காதீங்க மிஸ். நீங்க இங்க புத்தகம் அடுக்குறவங்க. பிசினஸ் உங்களுக்கு என்னா தெரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. என் பட்டங்கள், நான் படித்த இடங்கள், என் தொண்டை கட்டியதன் காரணம் எல்லாமே வந்தன.

"அப்பா, அவங்கள விடு" என்றாள் ஷாமினி. "நான்தான்."

"என்னா நான்தான்?"

"அந்த நம்பர் எங்கேர்ந்து வந்துச்சுன்னு நான் பாக்கல. அப்படியே எடுத்துப் போட்டுட்டேன். அது அந்த ஏஜெண்டோட கம்பெனி சொன்னதுதான்ப்பா. அவங்க சொன்னத நியூஸ்ல போட்டான். நியூஸ்ல வந்தத இன்னொருத்தன் போட்டான். அத நான் போட்டேன். நீ அவங்க சொன்னதையே ரெண்டு தடவ கேட்டிருக்கே."

அவர் தாளைப் புரட்டினார். முதல் பக்கத்துக்குப் போனார்.

"ஏ போட்டிருக்காங்களே."

"போட்டாங்க."

"வாத்தியாரும் பாக்கலையா?"

ஷாமினி என் பக்கம் திரும்பினாள். நான் மேசையைப் பார்த்தேன்.

"அப்ப டோபி போடாதேங்கிறியா?"

"போடலாமா வேணாமான்னு எனக்குத் தெரியாதுப்பா. அது இதுல இல்ல. அதத்தான் சொல்றேன்."

இங்கேதான் அவருக்குக் கோபம் வந்தது. குரல் உயர்ந்தது. "தெரியாதுன்னு சொல்றதுக்கா இத்தன வருஷம் படிச்சே? தெரியாதுன்னு நானே சொல்லுவேனே! எனக்கு யாரும் பீஸ் கட்டலயே!"

சுற்றியிருந்த மாணவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வாசலில் ஜாகா எழுந்து நின்றார். ஷாமினியின் கண் நிறைந்திருந்தது. ஆனால் தலையைக் குனியவில்லை.

"காடிய ரோட்டோரம் விட்டுட்டு வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். ஃபைலை எடுத்துக்கொள்ளவில்லை. அவள் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

வெள்ளிக்கிழமை முழுவதும் வகுப்பு. பிளாஸ்டிக் நூடல்ஸ் படத்தைக் காட்டினேன், சிரித்தார்கள். இடைவேளை தவறாமல் ஃபோனைப் பார்த்தேன். மாலை ஐந்து மணிக்குமேல் ஒரு வரி வந்தது.

'அப்பா லெட்டர் குடுக்கல மிஸ்.'

வேறொன்றும் இல்லை.

யார் சொன்னா?

இதை இங்கேயே முடித்துவிட்டால் என் வேலைக்கு மரியாதை. ஆனால் அது பாதிக் கதைதான்.

சில மாதங்கள் கழித்து, தேர்வு முடிந்த ஒரு மதியம், ஷாமினி இரவல் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். இளைத்திருந்தாள். அப்பா பார்த்த கடை என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"வேற ஒருத்தர் எடுத்துட்டாரு மிஸ்."

"என்ன கடை போட்டிருக்காரு?"

"டோபி."

புத்தகங்களை வாங்கி வைத்தேன். "ஆள் வருதா?"

"சனி ஞாயிறுல உக்கார இடம் கிடைக்காது. மழைன்னா அம்மாவே அங்கதான் கொண்டுபோய்க் காயப்போடுறாங்க."

"அப்பா?"

"தினமும் அந்த வழியாத்தான் ஃபேக்டரிக்குப் போறாரு. ஒண்ணும் சொல்லல."

நான் செய்தது சரியா என்று வாசகர்கள் கேட்கலாம். கடையில் கூட்டம் இருப்பதால் அந்த எண் உண்மையாகிவிடாது. அது அன்றும் ஒரு விற்பனைக்காரரின் பேச்சு, இன்றும் அப்படித்தான். இதை நான் வகுப்பில் சொல்லுவேன், நம்பியும் சொல்லுவேன். தினமும் அந்தக் கடையைத் தாண்டி வேலைக்குப் போகிறவரிடம் சொல்ல மாட்டேன்.

ஷாமினி போகாமல் மேசையோரம் நின்றாள்.

"இப்ப வீட்டுல நான் என்னா சொன்னாலும், 'நீ பாத்தியா, கேட்டதா?'ன்னு கேக்குறாரு மிஸ். நேத்து அம்மாகிட்ட, மழை வரும், துணிய எடுங்கன்னேன். டிவி பாத்துக்கிட்டிருந்தவரு திரும்பி, 'யாரு சொன்னா?'ங்கிறாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பருவம் முழுக்கக் கத்தினாலும் எந்த வகுப்பும் என்னிடம் கேட்காத கேள்வி அது.

அவள் சிரிக்கவில்லை. காலியான பையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினாள்.

"முன்னெல்லாம் கேக்க மாட்டாரு மிஸ்" என்றாள்.